நீரை விலக்கிய வேதியியல்: புகழும் கணக்கும்

திறனாய்வு என்றால் கதைக்கும் கவிதைக்கும் உரியது என்று நாம் பழகிவிட்டோம். விஞ்ஞான ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அது தேவை. பெரிய இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்துவிட்டால் அதன் தலைப்பைப் படித்து வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை, எந்த இடத்தில் தலைப்பு உள்ளடக்கத்தை மிஞ்சிவிட்டது என்று நிறுத்துப் பார்ப்பதில்லை. அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நாம் எடுத்துக்கொள்ளும் ஆய்வு 2004 டிசம்பரில் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வெளிவந்தது. தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டேக்வான் ஹியோன் தலைமையில் இயங்கிய குழுவினர் எழுதியது. ஒரே அளவுள்ள நானோப் படிகங்களை மிக மிகப் பெரிய அளவில் ஆக்குதல் என்பது அதன் தலைப்பின் பொருள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இதனை மேற்கோள் காட்டியுள்ளன. உலோக ஆக்சைடு நானோத் துகள்களை நீர்க்கரைசலில் அல்லாமல் கரிமக் கரைப்பானில் தயாரிக்கும் முறைகளுள் இதுவே இன்று மிகுதியாகப் பின்பற்றப்படுகிறது. நம் கல்லூரி மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளிலும் இதன் பெயர் அடிபடுகிறது.

கட்டுரையின் உரிமைகோரல்கள் மூன்று. ஒரே வினையில் 40 கிராம் அளவுக்குத் துகள்கள் கிடைக்கும். அவை அளவுவாரியாகச் சலித்துப் பிரிக்கத் தேவையின்றி ஒரே அளவில் இருக்கும். விலை மலிந்த, நச்சற்ற உலோக உப்புகளே போதும். இம்மூன்றையும் சோதிக்குமுன், நீரை ஏன் விலக்க நினைத்தார்கள் என்பதைக் காண்போம்.

நீர் செய்த குற்றம் என்ன?

இரும்பு ஆக்சைடை நீரில் தயாரிப்பது எளிது. பெரஸ், பெரிக் உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து அம்மோனியாவை ஊற்றினால் கண்ணெதிரே கறுப்பு வீழ்படிவு தோன்றும். அதுவே மேக்னடைட் என்னும் காந்த ஆக்சைடு. பிரெஞ்சு விஞ்ஞானி மசார் 1981இல் வெளியிட்ட முறை இவ்வகையைச் சேர்ந்தது. இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது.

குறை அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நீரில் உலோக அயனி தனித்து நிற்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. காரம் சேர்ந்ததும் அவை புரோட்டான்களை இழக்க, அயனிகள் ஒன்றோடொன்று நொடிப்பொழுதில் பிணைகின்றன. நீர் இங்கே கரைப்பானாகவும் இருக்கிறது, வினையிலும் பங்கு கொள்கிறது, அயனியைப் பற்றும் கையாகவும் இருக்கிறது. அமில–கார நிலை, வெப்பநிலை, உப்பின் செறிவு, கலக்கும் வேகம், ஊற்றும் வேகம் ஆகிய ஒவ்வொன்றும் விளைவை மாற்றுகிறது. முதலில் பிறந்த துகள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே புதிய துகள்கள் பிறக்கின்றன. முடிவில் சிறிதும் பெரிதும் கலந்த கூட்டமே கிடைக்கிறது.

நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள். எல்லா விதையையும் ஒரே நாளில் விதைத்தால் நாற்று ஒரே உயரத்தில் நிற்கும். நாளுக்கு ஒரு பிடியாகப் பத்து நாள் விதைத்தால் ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. படிகங்களுக்கும் இதுவே விதி. படிகக் கருக்கள் ஒரே சமயத்தில் குப்பென்று தோன்ற வேண்டும். அதன்பின் புதிய கரு தோன்றாமல் இருப்பவை மட்டும் வளர வேண்டும். லாமர், டைனகர் என்னும் இருவர் 1950இல் கந்தகக் கூழ்மங்களைக் கொண்டு இக்கருத்தை விளக்கினர்.

நீருக்கு வெளியே ஆக்சைடு ஆக்கும் முயற்சிகள் 2004க்கு முன்பே நடந்தன. 1992இல் பிரான்சில் கொரியு, வியூ முதலியோர் உலோகக் குளோரைடையும் உலோக ஆல்காக்சைடையும் வினைபுரியச் செய்து, நீராற்பகுப்பு இல்லாமலே ஆக்சைடு கூழ்களைப் பெற்றனர். 2002இல் நீடர்பர்கர், பார்ட்ல், ஸ்டக்கி ஆகியோர் டைட்டேனியம் டெட்ரா குளோரைடை பென்சைல் ஆல்ககாலில் கலந்து, 150 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத வெப்பநிலையிலேயே 4 முதல் 8 நானோமீட்டர் வரையுள்ள டைட்டேனியம் டை ஆக்சைடு படிகங்களைத் தயாரித்தனர். இங்கே ஆக்சைடுக்கு வேண்டிய ஆக்சிஜன் நீரிலிருந்து வரவில்லை, ஆல்ககாலிலிருந்து வந்தது. கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு மெல்ல அறுபடுவதால் வினையும் மெல்ல நடக்கிறது. வேகத்தைக் குறைப்பதே இம்முறைகளின் உயிர்நிலை.

இரும்புச் சோப்பு

ஹியோன் குழுவினர் இதே கருத்தைச் சோப்பைக் கொண்டு செயற்படுத்தினர். உப்புக் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை. திரிதிரியாக வெண்படலம் மிதக்கும். சோப்பிலுள்ள சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால் உண்டாகும் கால்சியம் சோப்பு அது. கால்சியத்துக்குப் பதில் இரும்பு வந்து அமர்ந்தால் அது இரும்புச் சோப்பு, அதாவது இரும்பு ஓலியேட். பெரிக் குளோரைடையும் சோடியம் ஓலியேட்டையும் சேர்த்து 70 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் இது கிடைக்கும்.

அடுத்து, 36 கிராம் இரும்பு ஓலியேட்டையும் 5.7 கிராம் ஓலியிக் அமிலத்தையும் 200 கிராம் ஆக்டாடெசீன் என்ற எண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பனில் கரைக்கிறார்கள். நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் சூடேற்றி 320 டிகிரியை அடைந்ததும் அரைமணி நேரம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இரும்பு அயனியையும் மூன்று ஓலியேட்டுகள் பற்றியுள்ளன. அவற்றுள் ஒன்று 200 முதல் 240 டிகிரிக்குள் விடுபடுகிறது. மற்ற இரண்டும் 300 டிகிரியை ஒட்டியே விடுபடுகின்றன. எனவே கரு தோன்றுவதும் கரு வளர்வதும் வெவ்வேறு வெப்பநிலையில் நிகழ்கின்றன என்பது ஆசிரியர்களின் விளக்கம். விதைப்பும் வளர்ச்சியும் தனித்தனியே பிரிந்துவிட்டன. விளைவு, 12 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள். கொதிநிலை வேறுபட்ட கரைப்பான்களைப் பயன்படுத்தி 5 முதல் 22 நானோமீட்டர் வரை வெவ்வேறு அளவுகளையும் பெற்றனர்.

இக்கட்டுரையின் உண்மையான சாதனை இதுவே. கொதிக்கும் கரைப்பானுக்குள் வினைபடுபொருளைச் சட்டென்று பீய்ச்சும் முறையை 1993இல் பவெண்டி குழுவினர் காட்மியம் செலினைடுக்குக் கையாண்டனர். 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றதற்கு அதுவே காரணம். அம்முறையில் கை வேகம் முக்கியம். பெரிய பாத்திரத்தில் அது எளிதன்று. ஹியோன் முறையிலோ எல்லாவற்றையும் முன்பே கலந்துவிட்டு, அடுப்பின் சூட்டைச் சீராக ஏற்றினால் போதும். கைத்திறனை வெப்பநிலைமானியிடம் ஒப்படைத்ததே இதன் சிறப்பு.

ஒரே அளவு ஏன் முக்கியம்?

இயற்பியல் கற்பிக்கும் நான் இந்த இரண்டாவது உரிமைகோரலுக்கே முதல் மதிப்பெண் அளிப்பேன். துகளின் காந்தப் பண்பு அதன் பருமனைப் பொறுத்தது. பருமனோ விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. விட்டத்தில் 10 சதவீதம் கூடினால் பருமனில் 33 சதவீதம் கூடுகிறது.

இத்தோடு நிற்கவில்லை. மிகச் சிறிய காந்தத் துகளின் காந்தத் திசை வெப்பத்தால் தானாகவே புரண்டுகொண்டிருக்கும். ஒரு முறை புரள ஆகும் காலம் பருமனோடு அடுக்குக்குறி வீதத்தில் வளர்கிறது. மேக்னடைட்டுக்குப் பாடநூல் தரும் எண்களை நீல் சமன்பாட்டில் இட்டு, அறை வெப்பநிலைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 12 நானோமீட்டர் துகள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 6 கோடி முறை புரள்கிறது. 22 நானோமீட்டர் துகளோ விநாடிக்கு 25 முறைதான். விட்டம் இரு மடங்குகூட ஆகவில்லை. காலம் இருபது லட்சம் மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது! அந்த 22 நானோமீட்டரில் 10 சதவீதம் கூட்டினால் ஒரு முறை புரளவே 13 விநாடி ஆகும்.

ஆகவே சிறிதும் பெரிதும் கலந்த மாதிரியில் ஒரு பண்பை அளந்து, அது இன்ன அளவுத் துகளின் பண்பு என்று சொல்வது பொருளற்றது. அளவும் பண்பும் எவ்வாறு தொடர்புடையன என்பதைச் சோதனையில் காண ஒரே அளவுத் துகள்கள் தேவை. அதை இம்முறை அளித்தது.

இங்கே நம் மாணவர்களுக்கு ஒரு சொல். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கோட்டின் அகலத்தை ஷெரர் சமன்பாட்டில் இட்டு, துகளின் அளவு 23.47 நானோமீட்டர் என்று எழுதிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அச்சமன்பாடு தருவது படிகத்தின் சராசரியான ஒரு மதிப்பீடு மட்டுமே. அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அது சொல்லாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் நூற்றுக்கணக்கான துகள்களை எண்ணி அளந்தால்தான் அது தெரியும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போடுவதால் அளவீடு துல்லியமாகிவிடாது.

மிகப் பெரிய அளவா?

இனி முதல் உரிமைகோரல். மேலே தந்த செய்முறையைச் சற்றுக் கணக்கிடுவோம். 36 கிராம் இரும்பு ஓலியேட் என்பது 40 மில்லிமோல். அதிலுள்ள இரும்பு சுமார் 2.2 கிராம்தான். அது முழுவதும் மேக்னடைட்டாக மாறினாலும் கிடைப்பது ஏறத்தாழ 3.1 கிராம். இதற்காகப் பாத்திரத்தில் இட்ட மொத்தப் பொருள் 242 கிராம். ஒரு கிராம் ஆக்சைடுக்கு 78 கிராம் மூலப்பொருள். மீதி 77 கிராம் கழிவுப் பக்கம் போகிறது. பிறகு எத்தனால் ஊற்றி வீழ்படிவாக்கிக் கழுவுவதை நான் இதில் சேர்க்கவே இல்லை. இதே விகிதத்தில் 40 கிராம் ஆக்சைடு வேண்டுமானால் ஆக்டாடெசீன் மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வேண்டும்.

ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு என்ற விகிதத்தை ரோஜர் ஷெல்டன் 1992இல் அளவுகோலாக முன்வைத்தார். பெருந்தொகை இரசாயனங்களுக்கு அது ஒன்றுக்குக் கீழிருந்து ஐந்து வரை. மருந்துத் தொழிலில் 25 முதல் நூறுக்கு மேலும் போகும். நம் 77 மருந்துத் தொழிலின் வரிசையில் நிற்கிறது. கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தினால் எண் குறையும் என்பது உண்மை. ஆனால் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் திரவத்தை வடிப்பதற்கும் எரிபொருள் செலவு உண்டு.

மில்லிகிராம்களில் வேலை செய்துவந்த ஆய்வுக்கூடத்துக்கு 40 கிராம் பெருந்தொகைதான். ஆனால் மிக மிகப் பெரிய அளவு என்ற தொடரைத் தொழிற்சாலையின் மொழியில் படித்துவிடக் கூடாது. பெயரடை எந்த ஊர்ப் படியால் அளக்கப்பட்டது என்று கேட்பது வாசகர் கடமை.

உண்மையில் நீர் இல்லையா?

மலிவானது, நச்சற்றது என்ற மூன்றாவது உரிமைகோரல் உலோக உப்பைப் பொறுத்தவரை சரி. முன்னர் இதே குழுவினர் இரும்பு பென்டாகார்பனில் என்னும் நச்சுப் பொருளைப் பயன்படுத்தினர். அதை விட்டுச் சாதாரணக் குளோரைடுக்கு வந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் உப்பு மலிவு என்பதும் முறை மலிவு என்பதும் ஒன்றல்ல.

நீரற்ற முறை என்று பிறர் இதற்குச் சூட்டும் பெயரையும் கவனியுங்கள். இரும்பு ஓலியேட்டைத் தயாரிக்கும் முதற்படி நீர், எத்தனால், ஹெக்சேன் மூன்றும் கலந்த கலவையில்தான் நடக்கிறது. பிறகு 300 டிகிரியில் ஓலியேட் சிதையும்போது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றோடு நீராவியும் பிறக்கிறது. முன்வாசலில் விலக்கிய நீர் பின்வாசல் வழியே வருகிறது. முதற்படியின் நீரோ எத்தனாலோ சரியாக நீக்கப்படாமல் எஞ்சினால், காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி விழுந்த கதையாகச் சூடேற்றும்போது பொங்கித் தெறிக்கும்.

எஞ்சுவது ஆபத்தோடு முடிவதில்லை. இரும்பு ஓலியேட்டை எவ்வாறு கழுவி, எந்தச் சூட்டில் உலர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் அமைப்பே மாறுகிறது என்றும், துகளின் அளவும் அதனால் மாறுகிறது என்றும் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே செய்முறையைப் பின்பற்றும் இரு கூடங்கள் இரு அளவுகளைப் பெறுவதற்கு இது ஒரு காரணம். மேலும், சிறிய துகள்கள் முழுமையான மேக்னடைட் அல்ல. பெரும்பகுதி மேக்ஹமைட் என்னும் மற்றோர் ஆக்சைடு. இதை ஆசிரியர்களே நேர்மையாக அளந்து கூறியுள்ளனர். மேற்கோள் காட்டுவோரே அதை விட்டுவிடுகின்றனர்.

பூச்சு எங்கே போகும்?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, துகள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்தபின் எழுகிறது. ஒவ்வொரு துகளின்மீதும் ஓலியிக் அமிலம் ஒரு போர்வைபோல் ஒட்டியிருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்ததும் அதுதான். பரப்பில் சதுர நானோமீட்டருக்கு 3 மூலக்கூறு எனக் கொண்டால், 12 நானோமீட்டர் துகளின் எடையில் எட்டில் ஒரு பங்கு இந்தப் போர்வையே. ஒரு கட்டுரை இத்தனை கிராம் விளைச்சல் என்று கூறினால் அது போர்வையோடா, போர்வையின்றியா என்று கேளுங்கள்.

போர்வை எண்ணெய்த் தன்மையுடையது. துகள் ஹெக்சேனில் கரையும், நீரில் கலவாது. மனித உடலோ நீராலானது, கிணறும் அப்படியே. எனவே நீரை விலக்கிச் செய்த துகளை நீருக்குள் கொண்டுவர மற்றொரு வேதியியல் வேண்டும்: போர்வையை மாற்ற வேண்டும், அல்லது மேலே இன்னொன்று போர்த்த வேண்டும். அங்கே மிச்சப்படுத்தியதை இங்கே செலவிட நேர்கிறது.

நடைமுறையைப் பாருங்கள். அமெரிக்காவில் 1996இல் ஒப்புதல் பெற்று, பின்னர் விற்பனையிலிருந்து நீங்கிய காந்த ஒத்ததிர்வுப் படச் சாயம் பெருமாக்சைட்ஸ். 2009இல் இரத்தசோகைக்கு ஒப்புதல் பெற்றது பெருமாக்சிடால். இவ்விரண்டும் நீரில், சர்க்கரை இனப் பூச்சோடு ஆக்கப்பட்ட இரும்பு ஆக்சைடுகளே. குடிநீரிலுள்ள ஆர்செனிக்கை அகற்ற, சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழுவினர் உருவாக்கிய பொருளும் இரும்பின் ஆக்சி ஹைட்ராக்சைடே. கைட்டோசான் என்ற இயற்கைப் பல்லுறுப்பியின் துணையோடு நீரிலேயே தயாரிக்கப்படுவது. அங்கே தேவை ஒரே அளவன்று. நிறைய பரப்பும் குறைந்த விலையும்தான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கொல்வின் குழுவினர் 2006இல் இவ்வாறு ஒரே அளவாக ஆக்கிய 12 நானோமீட்டர் மேக்னடைட்டைக் கொண்டு ஆர்செனிக்கைப் பிடித்து, சாதாரணக் காந்தத்தாலேயே நீரிலிருந்து பிரித்தெடுக்கலாம் என்று காட்டினர். செலவு மிகுதி என்பதை உணர்ந்து, 2010இல் துருவையும் சமையல் எண்ணெயிலிருந்து பெற்ற கொழுப்பமிலத்தையும் கொண்டு சமையலறை அடுப்பிலேயே செய்யத்தக்க வழியை வெளியிட்டனர். நீரற்ற முறை பணக்கார முறையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. நீர் முறைக்கும் கழிவு உண்டு. உப்பு கலந்த கழுவுநீர் ஏராளமாக வெளியேறுகிறது. நீர் என்ற ஒரே காரணத்தால் எதையும் தூய முறை என்று போற்றிவிட முடியாது.

தீர்ப்பு

2004ஆம் ஆண்டுக் கட்டுரை காலத்தை வென்று நிற்கும் கட்டுரைதான். ஆனால் அது நிற்பது தலைப்பில் சொன்ன காரணத்துக்காக அன்று. பெரிய அளவில் ஆக்கியது அதன் சிறு சாதனை. கரு தோன்றுதலையும் வளர்தலையும் வெப்பநிலையால் பிரித்துக் காட்டியதே அதன் பெருஞ்சாதனை. அளவையும் பண்பையும் தொடர்புபடுத்தும் ஆராய்ச்சிக்கு அது ஈடற்ற கருவி. டன் கணக்கில் வேண்டிய வடிகட்டிக்கும் வண்ணப்பூச்சுக்கும் அது விடையன்று.

மாணவர்களே, செயல்திட்டத்துக்கு ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்கு ஒரே அளவுத் துகள் வேண்டுமா? ஒரு கிராமுக்கு எத்தனை கிராம் கரைப்பான் வீணாகும்? பூச்சை என்ன செய்யப் போகிறீர்கள்? அளவை எதனால் அளக்கப் போகிறீர்கள்? நைட்ரஜன் சூழலில் 320 டிகிரிக்குச் சூடேற்றவும், வரும் கார்பன் மோனாக்சைடை வெளியேற்றவும் உங்கள் ஆய்வுக்கூடத்தில் வசதி உண்டா? நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டி இல்லாத கூடத்தில் இம்முறையைத் தொடவே கூடாது. ஈரக் காற்று பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடாகப் புகையும் டைட்டேனியம் டெட்ரா குளோரைடுக்கும் இதே விதிதான்.

இக்கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்த்தபின், அம்மோனியாவும் இரும்பு உப்பும் கொண்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், நீரிலேயே செய்து, கிடைத்த சிதறலை நேர்மையாக அளந்து எழுதலாம் என்ற முடிவுக்கு நீங்கள் வரக்கூடும். அது தாழ்ந்த வேலையன்று. அளவுச் சிதறலை ஒளிக்காமல் எழுதிய எளிய அறிக்கை, பெரிய முறையின் பெயரைத் தாங்கி ஒரே ஓர் எண்ணை மட்டும் தரும் அறிக்கையைவிட விஞ்ஞானத்துக்கு நெருக்கமானது.